கூலன்ட்: நிறம் ஒன்றாக இருந்தால் கலக்கலாமா? இன்ஜினுக்கு என்ன ஆகும்?

வெயில் ஏற ஏற ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கூலன்ட் விற்பனையும் ஏறும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பச்சையா, பிங்க்கா சார்?" வண்டியில் இருப்பது பச்சை என்றால் பச்சை பாட்டிலை நீட்டுவார். பச்சையோடு பச்சைதானே சேருது என்று நாமும் ஊற்றிவிடுகிறோம். ஆனால், அந்த நிறம் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொது விதி எதுவும் கிடையாது.

இந்தியாவில் இப்போது புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிகம் கை மாறுகின்றன. முந்தைய ஓனர் எதை ஊற்றினார் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால், இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கூலன்ட்டில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான கூலன்ட்களின் அடிப்படை ஒன்றுதான்: எத்திலீன் கிளைகால், தண்ணீர். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸுக்கு உயரும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தத்தால் இன்னும் சுமார் 20 டிகிரி கூடும்.

வித்தியாசம் இருப்பது துருத்தடுப்பு ரசாயனங்களில். பழைய வகையில் சிலிகேட் போன்ற உப்புகள் உலோகப் பரப்பு முழுக்க ஒரு படலம் போடும். வேகமாக வேலை செய்யும். ஆனால் சுமார் 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புதிய வகையில் கரிம அமிலங்கள். அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டுகள் வரைகூடத் தாங்கும். இரண்டும் சேர்ந்த ஹைப்ரிட் வகையும் உண்டு.

இதிலும் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஐரோப்பாவில் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியத்தோடு பாஸ்பேட் சேர்ந்தால் உப்பு படியும் என்பதால் அங்குள்ள நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன. ஜப்பான் நிறுவனங்களோ வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று சிலிகேட்டைத் தவிர்த்து, பாஸ்பேட் பக்கம் போயின. ஆக, ஒரு ஐரோப்பிய காரின் சிவப்பும் ஒரு ஜப்பான் காரின் சிவப்பும் ஒன்றல்ல.

ஃபோக்ஸ்வாகன் கற்ற பாடம்

இதற்குப் பெயர்போன உதாரணம் ஃபோக்ஸ்வாகன். அதன் பழைய ஜி11 கூலன்ட் நீலப்பச்சை, சிலிகேட் உள்ளது. 1990களின் நடுவில் வந்த ஜி12 சிவப்பு. சிலிகேட் இல்லாத கரிம அமில வகை. இரண்டையும் கலந்த கார்களில் திரவம் பழுப்பாகிச் சேறுபோல மாறியது. டேங்க்கில் பழுப்பு நிறம் தெரிந்தால் உடனே முழுவதையும் மாற்றுங்கள் என்று கார் கையேடுகளே எச்சரித்தன. பிறகு, பழையவற்றோடு ஒத்துப்போகும் ஜி12 பிளஸ் ஊதா நிறத்தில் வந்தது. அதற்கு அடுத்த தலைமுறைகளான ஜி12 பிளஸ் பிளஸ், ஜி13 ஆகியவையும் ஊதாதான். உள்ளே இருக்கும் கலவை வேறு. ஒரே நிறுவனத்திலேயே நிறத்தை நம்ப முடியாது என்றால், கடை பாட்டிலை எப்படி நம்புவது?

கலந்தால் என்ன ஆகும்?

கலந்த உடனே இன்ஜின் படுத்துவிடும் என்பது மிகை. மாற்று வகை கொஞ்சம் கலந்தால் பெரும்பாலும் அன்றைக்கே எதுவும் தெரியாது. அதுதான் ஆபத்தும்கூட. இரண்டு வகைத் தடுப்பானும் நீர்த்துப்போய், எதுவுமே போதிய அளவில் இருக்காது. 5 ஆண்டுகள் வர வேண்டிய கூலன்ட்டின் ஆயுள் குறைந்துவிடும். அலுமினிய சிலிண்டர் ஹெட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஆகியவை மெதுவாக அரிக்கத் தொடங்கும்.

ஒத்துப்போகாத கலவையாக இருந்தால் சிலிகேட் பிரிந்து ஜெல்லாகி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பிறகு ஓவர்ஹீட். கூலன்ட் மாற்றும் செலவு சர்வீஸ் பில்லில் ஒரு வரி. ஹெட் கேஸ்கெட் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

பல புதிய கார்களில் டெம்பரேச்சர் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும்.

"இங்க என்ன பனியா பெய்யுது? தண்ணி போதும்"

இது நம்ம ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பனி இல்லை என்பது சரி. ஆனால் கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. கொதிநிலையை உயர்த்துவதும், துருவைத் தடுப்பதும்தான் இங்கே முக்கியம். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

என்ன செய்யலாம்?

* நிறத்தைப் பார்க்காமல், கார் கையேட்டில் உள்ள ஸ்பெசிஃபிகேஷனைப் பாருங்கள். பாட்டிலில் ஐ.எஸ். 5759 போன்ற தர எண் இருப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் காருக்கான வகைதானா என்பதை அந்த எண் மட்டுமே சொல்லிவிடாது.
* வழியில் அளவு குறைந்தால், தெரியாத கூலன்ட்டைவிட பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அதுவும் இல்லையா? அவசரத்துக்குக் குடிநீர் பாட்டில். ஆனால் சீக்கிரமே கூலன்ட்டை மாற்றிவிடுங்கள்.
* இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிடும்.
* 'பிரீமிக்ஸ்' என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். 'கான்சன்ட்ரேட்' என்றால் அப்படியே ஊற்ற வேண்டாம். தண்ணீர்தான் வெப்பத்தை நன்றாகக் கடத்தும்.
* ஏற்கெனவே கலந்துவிட்டதா? நிறம் தெளிவாக இருந்தால், பதற வேண்டாம். சீக்கிரம் முழுவதையும் மாற்றுங்கள். பழுப்பாகவோ கொழகொழவென்றோ இருந்தால் வண்டியை ஓட்டாமல், பலமுறை ஃபிளஷ் செய்ய வேண்டும்.
* மின்சாரக் கார்களில் இன்னும் கவனம் தேவை. சிலவற்றின் பேட்டரிக்கு மின்கடத்தும் திறன் குறைந்த தனி கூலன்ட் வேண்டும்.
* எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடலாம்.

அளவு அடிக்கடி குறைந்துகொண்டே இருந்தால் அது டாப்-அப் விஷயமே அல்ல, எங்கோ கசிவு இருக்கிறது. பழைய கார் வாங்குபவர்கள் முதல் சர்வீஸிலேயே கூலன்ட்டை முழுவதும் மாற்றி, எந்த வகை, எந்தத் தேதி என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். கையேட்டில் கூலன்ட் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். "பச்சையா, பிங்க்கா?" என்று கடையில் கேட்டால், அந்த போட்டோவைக் காட்டினால் போதும்.