பந்தயப் பிரேமோ, பாதைப் பிரேமோ?

ஒரு கருவி கண்ணுக்கு இனியதாயிருத்தல் வேறு. மேற்கொண்ட வினைக்கு ஏற்றதாயிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர். இலண்டன் மாநகரில் மேற்கல்வி பயிலும் நம் நண்பரொருவர், நாடோறும் கல்லூரிக்குச் சென்று மீள்வதற்குப் பிக்ஸட் கியர் சைக்கிள் ஒன்று வாங்க விரும்பி, "பந்தயக் களத்திற்கெனச் சமைத்த பிரேமைக் கொள்வதா, பாதையில் ஊர்தற்கெனச் சமைத்த பிரேமைக் கொள்வதா?" என்று நம்மை வினவி எழுதியிருந்தார். அவருக்கு நாம் விடுத்த மறுமொழியையே ஈண்டுச் சிறிது விரித்து வரைகின்றோம்.

நாம் சாதாரணமாக ஏறிச்செல்லும் சைக்கிளின் பின்சக்கரத்தில் பிரீவீல் உண்டு. ஆதலின் காலை அசையாது வைத்திருப்பினும் வண்டி தானே ஓடும். பிக்ஸட் கியர் வண்டியிலோ பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலுந்துணையும் பெடலும் சுழலும். பெடல் சுழலுந்துணையும் காலும் ஓயாது. இது புதுமையன்று. 1885-ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் செய்தளித்த ரோவர் சைக்கிளும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பிரீவீல் பரவிய பின்னரும், இங்கிலாந்தின் சைக்கிள் கழகத்தார் பலர் நெடுங்காலம் இதனைக் கைவிட்டிலர். உறுப்புக்கள் சில, பழுது குறைவு, வேகத்தைக் காலாலேயே அடக்கியாளலாம். இவை இதன் நற்குணங்கள். இவற்றை நாம் மறுத்திலோம்.

இனி, இருவகைப் பிரேமுக்கும் உள்ள வேற்றுமை யாதெனின், பந்தயப் பிரேம் சாய்தளமாகக் கட்டப்பெற்ற வட்டக் களத்திற்கென்றே பிறந்தது. தென் இலண்டனில் 1891-இல் திறக்கப்பெற்றதும், 1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக் சைக்கிள் பந்தயங்கள் நிகழ்ந்ததுமான ஹெர்ன் ஹில் களம் அத்தகையது. அங்கே எதிர்வருவார் இல்லை. குறுக்கே நடப்பார் இல்லை. ஒருவர் திடீரென வண்டியை நிறுத்தின், பின்தொடர்வார் அவர்மேல் மோதி வீழ்வர். இதுபற்றியே களப் பந்தயங்களில் பிரேக்கு விலக்கப்பட்டது. ஆகவே பந்தயப் பிரேமின் போர்க்கில் பிரேக்கு பொருத்தும் துளை பெரும்பாலும் இராது. டயருக்கும் போர்க்குக்கும் இடையே மட்கார்டு நுழைய இடமுமிராது. முன்சக்கரமும் பெடலும் நெருங்கியிருத்தலால், மெல்லச் செல்லுங்கால் ஹாண்டில் பாரைத் திருப்பின் பாதத்தின் நுனி டயரில் இடிக்கும். பிரீவீல் உள்ள வண்டியாயின் காலை நிறுத்தித் தப்பலாம். இங்கோ காலை நிறுத்த வழியில்லை.

"பந்தயப் பிரேம் இலேசானது, கோடுகள் தூயன, பிரேக்கும் கம்பியும் அதன் அழகைக் கெடுக்கும், காலால் பெடலை எதிர்த்து அழுத்தினால் வண்டி நில்லாதோ?" என்பர் அதனை விரும்புவோர். நிற்கும், ஆனால் வேண்டிய இடத்தில் நில்லாது. வேகம் தணியுங்கால் ஊர்வோனது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. அப்போது பின்சக்கரத்தின் பிடிப்புக் குறைகின்றது; முன்சக்கரத்தின் பிடிப்பு மிகுகின்றது. பின்சக்கரத்தை மட்டும் தடுத்து நிறுத்துவார்க்கு, முன் பிரேக்கு உடையார்க்கு வேண்டுவதினும் ஏறத்தாழ இருமடங்கு தூரம் வேண்டும். செயின் கழன்று விழுந்தாலோ, காலின் ஆட்சியும் அக்கணமே ஒழியும்.

இஃது ஏட்டளவில் நின்ற ஆராய்ச்சியன்று. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், முன் பிரேக்கு இல்லாத பிக்ஸட் கியர்ப் பந்தய வண்டியில் இலண்டன் தெருவொன்றில் சென்ற இளைஞரொருவர், தெருவைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதினார். அவ்வம்மையார் சில நாட்களில் உயிர் நீத்தார். 2017-இல் அவ்விளைஞருக்கு 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாட்டில் 1983-ஆம் ஆண்டு முதல் உள்ள விதியோ மிகத் தெளிவானது: பிக்ஸட் கியர் வண்டி பொதுத் தெருவில் செல்லவேண்டுமாயின் முன்சக்கரத்திற்குப் பிரேக்கு இருத்தல் வேண்டும். தன்னுயிரைப் பணயம் வைப்போன் தன் விருப்பம் என்று கூறலாம். பிறருயிரைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை தந்தவர் யார்?

அங்ஙனமாயின், எந்தப் பாதைப் பிரேமும் ஏற்குமோ எனின், ஏலாது. இங்கும் ஆய்ந்து கொள்ளவேண்டுவன உள. முதலாவது, பின்சக்கர அச்சு அமரும் வாய். அது கிடையாகவோ சாய்வாகவோ நீண்டிருப்பின், சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். இக்காலத்துப் பிரேம்கள் பலவற்றில் அது செங்குத்தாக அமைந்திருத்தலால், தனிக்கருவி சேர்த்தாலன்றிச் செயின் இறுகாது. இரண்டாவது, பின்போர்க்கின் அகலம். பந்தய ஹப்பு 120 மில்லிமீட்டர் அளவினது. பாதைப் பிரேம்களோ 126, 130 எனப் பலவாறு வரும். மூன்றாவது, கிராங்கு அச்சின் உயரம். முன்புறம் 48 பல்லும் பின்புறம் 18 பல்லும் உடைய வண்டி, பெடல் ஒருமுறை சுற்றினால் சுமார் 5.6 மீட்டர் செல்லும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 சுற்றுச் சுற்றும். எனவே தெருமுனையில் வண்டியைச் சாய்த்துத் திரும்புங்கால், உட்புறப் பெடல் நொடிக்கு ஒருமுறை தரையை நோக்கித் தாழும். தாழ்ந்த பிரேமில் நீண்ட கிராங்கைப் பூட்டினால் பெடல் தரையில் உரசி ஊர்வோனைக் கவிழ்க்கும். இக்காரணம் பற்றியே களப் பிரேமின் கிராங்கு அச்சு சற்று உயர்த்தி வைக்கப்படுகின்றது. பாதைப் பிரேமைக் கொள்வோர் 170 மில்லிமீட்டர்க் கிராங்கை விடுத்து 165 மில்லிமீட்டர்க் கிராங்கைக் கொள்வது நன்று.

இரு பிரேமின் நலனும் ஒருங்கே பொருந்திய பிரேம் ஒன்று முன்னரே உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத் தொழிலாளர் பலர்க்கு வண்டி ஒன்றே இருந்தது. அதிலேயே வேலைக்குச் செல்வர். அதிலேயே ஞாயிறன்று பந்தயத்திற்கும் செல்வர். களத்தை அடைந்ததும் மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றி வைத்துப் பந்தயம் ஓடி, மீண்டும் அவற்றைப் பூட்டிக்கொண்டு இல்லம் திரும்புவர். அவர்க்கென அமைந்த 'ரோடு-பாத்' என்னும் பிரேமில் பின்னோக்கித் திறந்த அச்சுவாய், பிரேக்குத் துளை, மட்கார்டுக்கு இடம் ஆகிய மூன்றும் அமைந்திருந்தன. இக்காலத்தில் நகரத்திற்கெனச் செய்யப்படும் நல்ல பிக்ஸட் கியர்ப் பிரேம்கள் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. எஃகினாலாயதும், சற்றுப் பருத்த டயருக்கு இடந்தருவதும் ஆகிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு நாம் நம் நண்பர்க்கு எழுதினோம். சில அவுன்சு எடையை மிச்சப்படுத்துவதினும், மழைநாளில் உடை நனையாது வகுப்பறையை அடைவது மாணாக்கர்க்குப் பெரிய ஊதியமன்றோ?

நண்பரும் அவ்வாறே செய்தனர். வண்டி நன்கு ஓடுகின்றதென்றும், அதன் நிறம் மட்டும் தமக்கு உவப்பாயில்லையென்றும் சின்னாட்கழித்து எழுதியிருந்தார். நிறத்தை மாற்ற ஒரு நாள் போதும். நில்லாத வண்டியால் நேர்ந்த கேட்டை மாற்ற வாழ்நாள் முழுதும் போதாது. பந்தயம் ஓட விரும்புவோர் பந்தயப் பிரேமைக் களத்தில் ஓட்டி மகிழ்க. பலரும் வழங்கும் பாதையில் செல்வோர் பாதைப் பிரேமையே கொள்க என்பது நம் துணிபு.