கடன் கணக்கு யார் கையில்?

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கும் காடாம்புலியூர், முந்திரியை நம்பிய ஊர். தோப்பில் கொட்டை பொறுக்குவது கோடையில் சில மாதங்கள்தான். கொட்டை உடைத்து, தோல் உரித்து, பருப்பைத் தரம் பிரிக்கும் பெண்களின் கூலியும் வேலை கிடைக்கும் நாளைப் பொறுத்தது. நுண்கடன் தவணை மட்டும் நாள் தவறுவதில்லை. மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துச் செய்த செலவுக் கணக்குச் செயலிகள் இங்கே எப்படிப் பொருந்தும்?

2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்பிளிட்வைஸ் செயலி, ஓர் அறையில் தங்கியிருப்போர் வாடகையைப் பங்கிட நன்றாகவே உதவுகிறது. நம் ஊர்க் குழுக்கடன் வேறு வகை. ஆளுக்கொரு கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. ஒரு வாரம் அவளால் முடியாதபோது குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்புகிறார்கள். நிறுவனத்தின் கணினியில் அது அவளே கட்டிய தவணையாக ஏறிவிடும். தோழிகளுக்கு அவள் தரவேண்டியது எந்தக் கடன் அட்டையிலும் இருக்காது, நினைவில்தான் இருக்கும். மனக்கசப்பு முளைப்பது இந்த இடத்தில்தான். செயலி உண்மையிலேயே தேவைப்படுவதும் இங்கேதான்.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்தும் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால், அந்த வருமானத்தை மதிப்பிடுபவர் கடன் கொடுப்பவர். சீசன் வருமானத்தை 12ஆல் வகுத்தால் தாங்கக்கூடியதாகத் தெரியும் தவணை, ஐப்பசி மழையில் கழுத்தை நெரிக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்த வட்டாரம் இது. போன ஆண்டு வருமானத்தை வைத்து அடுத்த ஆண்டைக் கணிக்க முடியாது. 'இதற்கு மேல் கடன் வேண்டாம்' என்று சொல்லக் குடும்பத்திடம் சொந்தக் கணக்கு வேண்டும்.

செலவைக் குறித்துத் தருவதாகச் சொல்லிக் குறுஞ்செய்திகளைப் படித்துவிட்டு, கையோடு கடனும் நீட்டும் செயலிகளை நான் நம்பச் சொல்லமாட்டேன். கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

இப்போதைக்குக் கைபேசியில் தமிழிலேயே எழுதக்கூடிய கூகுள் ஷீட்ஸ் போதும். கல்லூரி போகும் மகளோ மகனோ தொடங்கித் தரலாம். யாருக்காக யார் கட்டினார், எவ்வளவு, எந்தத் தேதி, திரும்ப வந்ததா; குழுவில் எல்லார் கைபேசியிலும் ஒரே ஏடு. வசூலுக்கு வருபவர் கண்ணில் மட்டும் அது படக் கூடாது. யாரிடம் பணம் புரளுகிறது என்று தெரிந்தால், அடுத்த வாரமும் அவரிடமே கேட்பார்.