பதினாறாவது வளைவில் 24 கிலோ

முட்டி வலி என்று டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சைக்கிள் ஓட்டுங்க, நல்லது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஐந்நூறு ரூபாய். அதோடு விட்டதா? எட்டு மாதமாக வீட்டிலும் ஆபீசிலும் டீக்கடையிலும் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “எலக்ட்ரிக்கா, சாதாவா?” பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இத்தனை பேர் இத்தனை அக்கறையாக விசாரிக்கவில்லை.

சேலத்துக்காரனுக்கு ஒரு வசதி, அதுவே ஒரு வம்பு. மொட்டை மாடியில் ஏறி நின்றால் வடக்கே சேர்வராயன் மலை நீலமாகப் படுத்துக் கிடக்கும். சைக்கிள் என்று வாய் திறந்ததுமே மனசு அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் செக்போஸ்ட் என்று தாண்டிப் போய்விடும். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் ஏரி. அதைச் சுற்றிக் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நாகலூர், கரடியூர், மஞ்சக்குட்டை என்று போகிற மண் பாதைகள். எனக்கு ஆசை அந்த மண் பாதைகள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை டெம்போ டிராவலருக்கும் பைக் கூட்டத்துக்கும் நடுவே புகை குடித்துக்கொண்டு தார் ரோட்டில் ஏறுவதில் எனக்கு ஒரு மோகமும் கிடையாது.

முதலில் கடைக்குப் போனேன். “எம்டிபி வேணும்” என்றேன். ஒரு பையன் ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். யானைக்கால் மாதிரி டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், ஃபிரேம் முழுக்க மின்னல் ஸ்டிக்கர். கியர் எங்கே என்று தேடினேன். இல்லை. ஒற்றைப் பல்சக்கரம். “மலைக்குன்னா கியர் வேணாமாப்பா?” என்றால், “இது எம்டிபி லுக்குங்க சார்” என்கிறான். லுக்! சுத்த இரும்பு, பதினெட்டு கிலோ. ஒரு மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கும். நம் ஊரில் மலை சைக்கிள் என்பது மலைக்குப் போகிற சைக்கிள் அல்ல, மலைக்குப் போகிறவன் மாதிரி தெரிவதற்கான சைக்கிள். உண்மையிலேயே கியர் வைத்த, பதினான்கு பதினைந்து கிலோவுக்குள் வருகிற அலுமினிய வண்டி கடையின் மூலையில் தூசி படிந்து நின்றது. அதைக் காட்ட அவனுக்கு மனசில்லை. அவன் கண்ணெல்லாம் எதிர்ப்பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த எலக்ட்ரிக் வண்டிகள் மேல்.

சட்டத்தை எனக்கே பாடம் எடுத்தான். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். சரியாகத்தான் சொன்னான். அடுத்த மூச்சிலேயே குனிந்து ஒரு ஒயரைத் தொட்டுக் காட்டி, “இதைக் கழட்டிவிட்டா 35 போகும் சார்” என்றான். அந்த ஒயரைக் கழற்றிய நிமிஷமே அது மோட்டார் வாகனம் ஆகிவிடும், நான் நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் போகிறவன் ஆகிவிடுவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்போம் என்று மச்சானிடம் அவனுடைய எலக்ட்ரிக் சைக்கிளை இரவல் கேட்டேன். “எடுத்துட்டுப் போங்க மாமா. ஃபுல் சார்ஜ். அறுபது கிலோமீட்டர் கொடுக்கும்” என்றான். அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அந்த அறுபது சமதளத்துக் கணக்கு.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். அடிவாரம் வரை மகாராஜா மாதிரி போனேன். முதல் ஐந்தாறு வளைவு, சொல்லவே வேண்டாம், ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சிறகு முளைத்தது. மிதிப்பதாகப் பேர் பண்ணினால் போதும், பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஏறியது. கற்றை முடியைக் காற்றில் விட்டுப் போய்க்கொண்டிருந்த ரோடு சைக்கிள்காரப் பையன் ஒருவனை முந்தினேன். அவன் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை, போகட்டும். பத்தாவது வளைவு தாண்டியதும் மீட்டரில் இருந்த ஐந்து கட்டங்களில் இரண்டுதான் மிச்சம். பதினான்கில் ஒன்று. பதினாறில் அந்த ஒன்றும் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போலத் திரும்பிப் பார்த்தது.

பேட்டரி தீர்ந்த எலக்ட்ரிக் சைக்கிளை மலையில் மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? உரலை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். சரி, இறங்கித் தள்ளலாம் என்றால் 24 கிலோ. பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், ஃபிரேமுக்குள் பேட்டரி. வளைவில் திருப்பும்போது வண்டி தன் இஷ்டத்துக்கு உள்பக்கம் சாய்கிறது, பெடல் முழங்காலின் கீழ் எலும்பில் வந்து இடிக்கிறது. எந்த முட்டியைக் காப்பாற்றப் புறப்பட்டேனோ அதே முட்டிக்குக் கீழே. மிச்சம் இருந்த நான்கு வளைவுக்கும் ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

மேலே போய் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. நான் 78 கிலோ, வண்டி 24, பையும் தண்ணீரும் 2. மொத்தம் 104 கிலோ. அடிவாரத்திலிருந்து ஏரிக்கரை வரை சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். இந்த எடையை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 283 வாட்-மணி ஆகும். ப்ளஸ் டூ இயற்பியல்தான். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 360. போதும் போலத் தெரியும். ஆனால் இந்தச் சக்கரத்து மோட்டார் ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும்போது வாங்குகிற கரண்டில் ஒரு நல்ல பங்கைச் சூடாகவே விட்டுவிடும். வீட்டிலிருந்து அடிவாரம் வரை மகாராஜா பவனிக்குப் போனது தனி. ஆக, பதினாறாவது வளைவில் நின்றது வண்டியின் குற்றமில்லை. அறுபது கிலோமீட்டர் என்று அச்சடித்தவன் இருபது வளைவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

மலைக்கு என்றே செய்த எலக்ட்ரிக் சைக்கிள் வேறு ஜாதி. அதில் மோட்டார் பெடலுக்கு அடியில், நடுவில் இருக்கும். நாம் போடும் கியர் வழியாகவே அதன் இழுப்பும் போவதால் செங்குத்தில்கூடத் திணறாது. விலையைக் கேட்டேன். லட்சங்களில் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த டீக்கடை அக்காவிடம் சார்ஜ் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். போனுக்குப் பத்து ரூபாய் வாங்குகிற கடை. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். “இது எத்தனை போனுக்குச் சமம்ங்க?” என்றார். முழு பேட்டரிக்கே அரை யூனிட்தான் பிடிக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. ஐம்பது கொடுத்தேன். முழுசாக ஏற நாலரை மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் கடையில் கூட்டம் சேர்ந்ததும் அக்கா பிளக்கை மிக்சிக்குப் பிடுங்கிவிட்டார்.

இறங்குவதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அது எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். ஏறுவதற்கு மோட்டாரா காலா என்று அடித்துக்கொள்கிறார்கள். உயரத்துக்குத் தூக்கச் செலவான சக்தியில் பெரும்பங்கு இறக்கத்தில் பிரேக்கில்தான் வந்து எரிய வேண்டும். எட்டாவது வளைவில் நிறுத்தி, எச்சில் தொட்ட விரலைப் பின் டிஸ்க் பக்கம் கொண்டுபோனேன். தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது. லீவர் கைப்பிடி வரை வந்து தொட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்த ரோடு இது. ஓரத்தில் கொஞ்சம் சரளை கிடந்தாலும் போதும்.

என் நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் குழுவாக மலை ஏறுகிறவர். அவரிடம் இதையெல்லாம் புலம்பினால், “மோட்டார் வெச்சு ஏறறதே சீட்டிங்தானே?” என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலை சைக்கிள் என்ற விளையாட்டை உண்டாக்கினார்களே, 1976-ல் கலிபோர்னியாவின் மரின் பகுதிப் பையன்கள், அவர்கள் என்ன மிதித்தா ஏறினார்கள்? பழைய தடி டயர் சைக்கிள்களை பிக்கப் லாரியில் போட்டுக்கொண்டுபோய் உச்சியில் இறக்கி, அங்கிருந்து கீழே பாய்ந்தார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்பிரேக்கின் கிரீஸ் வெந்து புகையாய்ப் போய்விடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பேர். பிதாமகர்களே லாரியில் ஏறியிருக்க, நான் 250 வாட்டில் ஏறினால் பாவமா? 2019-ல் கனடாவில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே எலக்ட்ரிக் மலை சைக்கிளுக்கு உலகச் சாம்பியன் போட்டி வைத்து வெற்றியாளருக்கு ஜெர்சியும் போட்டு அனுப்பியது. நண்பர் சம்மேளனத்தைவிடக் கண்டிப்பானவர்.

ஆனால் அவருடைய சாதா சைக்கிளையும் ஒரு வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், பாரபட்சம் வேண்டாமே என்று. சின்ன கியரில் போட்டு மிதித்தால் மூன்று மணி நேரம். வழியில் ஏழு இடத்தில் நின்றேன். முட்டி அன்று ராத்திரி பேசியது. தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி, “ஏங்க, பேசாம பஸ்ல போய் ஏரியைப் பார்த்துட்டு வந்தா ஆகாதா?” என்றாள். அதில் இருந்த நியாயத்தை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியில் மண் பாதைக்கு வந்தபோதுதான் ‘எலக்ட்ரிக்கா, சாதாவா’ என்ற கேள்வியே தப்பு என்று உறைத்தது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார். அன்றிலிருந்து நல்ல மண் பாதை என்று எதைக் காட்டினாலும் அது ஏதோ ஒரு எஸ்டேட்டின் பாதை. குறுக்கே கேட், கேட்டில் சங்கிலி. மிச்சம் இருப்பது காப்புக்காடு. 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நடக்கிறவர்களுக்காவது 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். அது நடையர்களுக்கு; நான் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.

நாகலூர் பக்கம் ஒரு கேட்டில் வாட்ச்மேன் நல்ல மனுஷன். “ஓனர்கிட்ட கேட்டு விடறேன் சார், ஆனா சங்கிலி சாவி ஆபீஸ்ல இருக்கு. தூக்கிப் போட்டுட்டு வந்துடுங்க” என்றார். அன்று என்னிடம் இருந்தது மச்சானின் வண்டி. இடுப்பு உயரக் கேட். 24 கிலோ. நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிணம் தூக்குகிற மாதிரி அந்தப் பக்கம் இறக்கினோம். உள்ளே ஒரு கிலோமீட்டர் போவதற்குள் காட்டெருமை ஒன்று காபிச் செடிகளுக்கு நடுவில் நிற்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கேட். மறுபடி தூக்கல். இந்த முறை பின்சக்கரம் கல்லில் மோதி, டியூப் வால்வு அடியோடு கிழிந்தது.

ஒட்டுப் போட முடியாது, டியூப் மாற்ற வேண்டும், சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பஞ்சர் கடைப் பெரியவர் பின்சக்கரத்துக்குள் போகிற தடித்த கறுப்பு ஒயரைப் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். “கரண்டு வண்டிங்க. நான் கை வெக்க மாட்டேன்.” பக்கத்தில் ப்ளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன், அரசு கொடுத்த சைக்கிளில் செயின் மாட்ட வந்தவன், தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய் சாயங்காலம் மிதிக்காமலே வீட்டுக்கு இறங்குகிறவனாம், “எங்க சித்தப்பாவோட குட்டி யானை காய் ஏத்திட்டு சேலம் போகுது, அதுல போட்டுடலாம்ணா” என்றான். பீன்ஸ் மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிறு கட்டினோம். மரின் பையன்கள் லாரியில் மேலே போனார்கள், நான் குட்டி யானையில் கீழே வந்தேன்.

வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன். அந்த இரண்டு மலைப்பயணத்திலும் அந்த வண்டியை நான் ஓட்டிய நேரத்தைவிடத் தள்ளிய, தூக்கிய, இறக்கிய, கட்டிய நேரம் அதிகம். எட்டு மாதத்தில் எனக்கு யோசனை சொன்ன ஒருவராவது, “நீ எவ்வளவு தூரம் தள்ளுவே?” என்று கேட்டிருப்பார்களா?

போன சனிக்கிழமை மறுபடி அதே கடைக்குப் போனேன். “முடிவு பண்ணிட்டீங்களா சார்? ஈஎம்ஐ போட்டுடலாம்” என்றான் பையன். அந்த மூலையில் இருந்த அலுமினிய வண்டியையும், ஒரு எலக்ட்ரிக் வண்டியையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். ரெண்டையும் ஒவ்வொன்றாக உங்கள் மாடிப்படியில் மேல் தளம் வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றேன்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“லிஃப்ட் இருக்குங்க சார்.”