நடப்பதற்கு ஓர் ஊர் வேண்டும்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்காகச் சிகிச்சை பெறுவோரின் மருந்துச் சீட்டில், மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'தினமும் முப்பது நிமிடம் நடக்கவும்.' மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும். நடப்பதற்கான இடம் எங்கே கிடைக்கும்? வீட்டு வாசலைத் தாண்டியதும் நடைபாதை இல்லாத சாலையும், உரசிக்கொண்டு செல்லும் வாகனங்களும், நிழலற்ற வெயிலும் எதிர்ப்படுமானால், அறுபது வயது மூதாட்டி அந்த ஒரு வரியை எப்படிக் கடைப்பிடிப்பார்? அதனை நிறைவேற்றும் பொறுப்பில் நோயாளிக்குப் பாதியும் ஊருக்குப் பாதியும் உண்டு என்பதே என் கருத்து.

உடல் உழைப்பு ஏன் இத்துணை வலியுறுத்தப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. நாம் நடக்கும்போதும் மிதிவண்டி ஓட்டும்போதும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும் இது நிகழ்கிறது. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலே அந்த வேளையில் ஏறும் சர்க்கரையின் அளவு குறையும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கும் மருத்துவமனைகளால் மாத்திரை கொடுக்க இயலும். நடையைக் கொடுக்க இயலாது.

நம் தாத்தா பாட்டிமார் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்ததில்லை. கடைக்கும் வயலுக்கும் கோயிலுக்கும் நடந்தார்கள். பயிற்சி அன்றாடப் பணியிலேயே கலந்திருந்தது. இன்று அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்குப் பால் வாங்கப் போவதற்கும் இருசக்கர வாகனத்தை எடுக்கிறோம். அந்த ஒரு பயணத்தில் உடலுக்குக் கிட்டவேண்டிய உழைப்பு போகிறது. பெட்ரோலுக்குக் காசு போகிறது. புகை தெருவில் தங்குகிறது. அப்புகையின் நுண்துகள்கள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அவை இரத்த நாளங்களையும் பாதித்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன. சுற்றுச்சூழலுக்கு ஆகாதது உடலுக்கும் ஆகாது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இதற்கு மாற்றுவழி காண நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்த பெண்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என ஓர் இலட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் தீர்ந்துபோனபோது, ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே வாங்கினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, இந்தியா முழுவதும் புதுக்கோட்டையின் பெயரைக் கொண்டு சென்றது.

அன்று மிதிவண்டி பெண்களுக்குத் தந்தது விடுதலை. பேருந்துக்காகக் காத்திருக்காமலும், கணவரையோ மகனையோ எதிர்பார்க்காமலும் தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும் அவர்களால் முடிந்தது. ஒரு மருத்துவனாக நான் இதில் இன்னொன்றையும் காண்கிறேன். செவிலியர் மிதிவண்டி ஏறியபோது, கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் மருத்துவ சேவை அதே வேகத்தில் வீட்டு வாசலுக்கு வந்தது. புகையில்லாத ஓர் எளிய வாகனம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆற்றிய பணி இது. அன்று கற்றுக்கொண்ட பெண்களில் பலர் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். முழங்கால் வலி என்றும் சர்க்கரை என்றும் மருத்துவமனைகளுக்கு வரும் வயது அது.

அதன்பின் அரசும் பல நல்ல பணிகளைச் செய்துள்ளது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். பேருந்தில் செல்பவர் நிறுத்தம் வரையிலும், இறங்கிய பின்னும் நடக்கிறார், அதுவும் பயிற்சியே. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை அமைக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் அப்பாதையை அடைவதற்கே வண்டி எடுக்க வேண்டியிருந்தால் அதன் பயன் பாதியாகக் குறையும். நாம் வேண்டுவது வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பாதை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் மிதிவண்டி திண்ணையோரம் துருப்பிடிக்கிறது. அதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. பெற்றோருக்குச் சாலையைக் கண்டு அச்சம்.

அச்சம் நியாயமானதே. அதே அச்சத்தை மாற்றத்தின் தொடக்கமாக்கிய நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து, குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்று போராடினார்கள். இன்று மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற அந்நாட்டின் பாதைகள் அப்படிப் பிறந்தவையே.

புதுக்கோட்டைக்கு இது இன்னும் எளிது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில் சீரமைக்கப்பட்ட நம் நகரில் தெருக்கள் நேராகவும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவையாகவும் அமைந்தன. மோட்டார் வாகனம் வருவதற்கு முன்னரே வடிவம் பெற்ற ஊர் இது. கால்நடையாகச் செல்வோருக்கு ஏற்ற தொலைவுகளைக் கொண்டது. 2024இல் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இணைந்து புதுக்கோட்டை மாநகராட்சியாகியுள்ளது. புதிய பகுதிகளில் மனைகள் பிரிக்கப்படும்போது, பள்ளியும் நியாய விலைக் கடையும் பூங்காவும் நடந்து போகும் தொலைவில் அமையுமா, ஒவ்வொன்றுக்கும் வண்டி எடுக்கும்படி அமையுமா என்பது இனிவரும் ஆண்டுகளில் முடிவாகும். நம் பேரப்பிள்ளைகளின் சர்க்கரை அளவும் அம்முடிவைச் சார்ந்தே இருக்கும் என்பது மிகையன்று. குளங்களையும் ஊருணிகளையும் காப்பதும் இதனுள் அடங்கும். மரங்கள் நிற்கும் குளக்கரையைக் காட்டிலும் சிறந்த நடைபாதையை நம் ஊர்களில் எவரும் அமைத்துவிட முடியாது. நீர் நிற்கும் குளம் நிலத்தடி நீரைக் காக்கும். அதன் கரை நம் இதயத்தைக் காக்கும்.

உணவுக்கும் இதே கருத்து பொருந்தும். கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் விளையும் வாழையும் காய்கறிகளும் நம் சந்தைகளுக்கு அருகிலேயே விளைபவை. வாரத்தில் இருமுறை உழவர் சந்தைக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்று கீரையும் அவரையும் வாங்கி வருபவர், பயிற்சியையும் பத்திய உணவையும் ஒரே பயணத்தில் பெறுகிறார். அது உள்ளூர் உழவருக்கும் துணை.

'வெயில் கொளுத்துகிறதே' என்பீர்கள். முற்பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெளியே செல்ல வேண்டாம் என்றே நானும் சொல்வேன். காலையும் மாலையும் நமக்கு இருக்கின்றன. 'சைக்கிளில் போனால் ஊரார் என்ன நினைப்பார்கள்?' என்று தயங்குவோருக்கு, 1991இல் அதைவிடக் கடுமையான பேச்சுகளைக் கடந்து வந்த பெண்களே பதில்.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். இதய நோய் உள்ளவர்களும், நடக்கையில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருபவர்களும் மருத்துவரைக் கலந்தாலோசித்த பிறகே தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் மிட்டாயோ சர்க்கரையோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் தோன்றினால் உடனே அதை உண்ணுங்கள். பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. திரும்பி வந்ததும் பாதங்களைப் பாருங்கள். கண்ணுக்கெட்டாத உள்ளங்காலைக் குடும்பத்தினர் பார்த்துச் சொல்லலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மிதிவண்டி பெரும்பாலும் நடையைவிட எளிது, உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால். ஆயினும் தலைசுற்றல், பார்வைக் குறைவு உள்ளவர்கள் சாலையில் மிதிவண்டி ஓட்ட வேண்டாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களில் வாரத்துக்கு மூன்றையாவது கால்நடையாக மாற்றுங்கள்; நோயாளியை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பகுதியின் மாநகராட்சி உறுப்பினரிடமும் கிராம சபைக் கூட்டத்திலும் நடைபாதையையும் நிழல்மரங்களையும் பள்ளி, மருத்துவமனை அருகே வேகத்தடையையும் கேளுங்கள். மருத்துவமனைகளும் தங்கள் வாயிலருகே மிதிவண்டிக்கு நிழலான நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும். சாலை கேட்டு மனு எழுதுவது அரசியல், மாத்திரை விழுங்குவது சிகிச்சை என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். நீரிழிவைப் பொறுத்தமட்டில் அந்த மனுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.