நான்கு தந்தியும் ஒரு காதும்

மேடையிலே பாடகருக்குப் பின்னால், வாத்திய வரிசையின் ஓர் ஓரத்தில், நீண்ட கழுத்துடைய கிற்றாரை ஏந்திக்கொண்டு அதிகம் அசையாமல் நிற்கின்ற மனிதனை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்த மறுகணமே மறந்துமிருப்பீர்கள். அவன் வாசிப்பது பேஸ் கிற்றார். கல்லூரியிலே பாடம் நடத்துவது என் தொழில். விடுமுறை இரவுகளில் அந்த ஓரத்தில் நிற்பது என் விருப்பம். லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் திருவிழா மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் இருபது ஆண்டுகளாக நின்று பழகிய உரிமையோடு, அந்த வாத்தியத்தைப் பற்றிச் சில அபிப்பிராயங்களை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

"அவர் என்ன பெரிதாகச் செய்கிறார்? ஒத்துத்தானே ஊதுகிறார்!" என்று ஓர் அன்பர் என் காதுபடவே சொன்னார். நாகசுரக் கோஷ்டியில் ஒத்துக்காரர் ஒரே சுருதியை மூச்சு விடாமற் பிடித்துக்கொண்டிருப்பார். அதனாலேதான் பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோரை ஒத்து ஊதுகிறவர் என்று உலகம் ஏளனம் செய்கிறது. ஒத்துக்காரர் இல்லாத நாகசுரம் எப்படியிருக்கும் என்று ஏளனம் செய்வோர் ஒரு நாள் கேட்டுப் பார்க்கவேண்டும், அது நிற்க. பேஸ் கிற்றாரின் வேலை வேறு. ஒத்து ஓரிடத்தில் நிற்கும், பேஸ் நடக்கும். பாடகர் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்கையில் கீழே அடிச்சுரம் ஒரு படி மாறினால், மேலே கேட்கும் அந்தச் சுரத்தின் பாவமே மாறிவிடும். சிரித்துக்கொண்டிருந்த சுரம் ஏங்கத் தொடங்கும். அந்த மாற்றத்தைச் செய்தவன் யாரென்று சபையில் ஒருவருக்கும் தெரியாது.

பண்டைத் தமிழிசை நூலார் மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களை வகுத்தனர். நம்முடைய வாத்தியம் மெலிவுத் தானத்துக்கு உரியது. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் ஓசைக்கு மெலிவு என்று பெயரிட்டிருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும். பேஸ் வாசிப்பவனுக்கு முதலில் கைவரவேண்டியவையும் அவர்கள் கண்ட குரலும் இளியுந்தாம், அதாவது சட்சமும் பஞ்சமமும். இவ்விரண்டையும் இடமறிந்து வைக்கத் தெரிந்தவன் பாதிப் பாட்டுகளை ஒப்பேற்றிவிடுவான்.

வாத்தியத்தின் வரலாறு நீண்டதன்று. ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபிள் பேஸைச் சுமந்து திரிந்த வித்துவான்களின் சிரமத்தைக் கண்டு, கலிபோர்னியாவில் றேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர் 1951 ஆம் ஆண்டில் தோளிலே மாட்டக்கூடிய மின்சாரப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுரங்களுக்குரிய இடங்களைக் காட்டும் உலோகக் கட்டைகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால் துல்லியம் என்னும் பொருளுடைய பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழ்த் திரையிசையில் இதன் அருமையைக் காட்டியவர்களுள் இளையராஜாவுக்குத் தனியிடம் உண்டு. 1980 இல் வெளிவந்த 'மூடுபனி' படத்தில் கே. ஜே. யேசுதாஸ் கிற்றாரோடு பாடும் பாட்டை இன்றிரவு கேளுங்கள். பாடகரை விட்டுவிட்டு அடியிலே கேளுங்கள். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். இளையராஜாவுக்குப் பேஸ் வாசித்த சசிதரன், ஏ. ஆர். ரகுமானுக்கு வாசித்த கீத் பீற்றர்ஸ் ஆகியோரின் பெயர்கள் எத்தனை வீடுகளில் தெரியும்? அவர்கள் வாசித்த சுரங்கள் தெரியாத வீடுதான் ஏது?

இனி என்னிடம் வரும் மாணவர்கள் கேட்கும் முதற்கேள்விக்கு வருகிறேன். "எந்தக் கம்பனிக் கிற்றார் வாங்கலாம், சேர்?" கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, மகனுக்குப் பேஸ் கிற்றார் வாங்கித் தருவதற்காகக் காதுத் தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, நானே லயத்துக்குப் போய்த் தடுத்தேன். நாட்கூலி 1000 ரூபா என்று சட்டப்படி நிர்ணயமாவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்த சமூகம் நம்முடையது. அந்தக் கூலியில் சேர்ந்த தோடு, கிற்றாரின் தலையில் எழுதியிருக்கும் கம்பனிப் பெயருக்குப் போகக்கூடாது. பையனுக்குப் பழைய கிற்றாரொன்று கைமாற்றாகக் கிடைத்தது; இன்றும் அதிலேதான் வாசிக்கிறான்.

பழையதை வாங்கும்போது நான் பார்ப்பவை சிலவே. கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல் நுனியிலிருந்து பார்க்கவேண்டும். சிறிய வளைவானால், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம். கழுத்தே முறுகியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தந்தி விரலை அறுக்கும் உயரத்தில் இருத்தலாகாது. நமது மலைப்பிரதேசத்துப் பனியும் மழையும் தந்தியில் துருவேற்றுவதில் வல்லவை. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பவனுக்குத் தந்தி இரண்டு மடங்கு காலம் உழைக்கும். ஓசை மங்கிய தந்திகளைக் கழற்றிக் கொதிநீரிலே பத்து நிமிடம் போட்டெடுத்து, ஈரமில்லாமல் உலர்த்திக் கட்டினால் சில நாட்களுக்குப் பழைய ஒலி திரும்பும். உணவுக்குப் புழங்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்கவேண்டாம். தாய்மாரின் கோபத்துக்கு நான் பொறுப்பாளியல்லேன்.

ஒலிபெருக்கி வேறு விஷயம். மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஓசையின் ஓர் அலை மட்டும் 27 அடி நீளம். நம்மவர் வாழும் லயத்து அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனாலேதான் அறைக்குள் வாசித்துப் பார்த்தால் ஒரு மூலையில் இடிபோல் முழங்குவது இன்னொரு மூலையில் காணாமற் போகிறது. வாத்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியிலோ நிலைமை நேர்மாறு. தாழ்ந்த ஓசை தடைகளை வளைந்து கடந்து நெடுந்தூரம் செல்லும். அடுத்த மலையில் திருவிழா நடக்கும்போது நமக்குப் பாட்டு எட்டுவதில்லை, தப்பும் பேஸும் மட்டுமே வருகின்றன.

பாட்டுக் கற்கும் முறையிலேதான் இக்காலத்து மாணவர்களோடு எனக்குப் பெரும் வழக்கு. கைத்தொலைபேசியின் சிறு ஒலிவாயிலே பாட்டைப் போட்டுவிட்டுப் பேஸ் கேட்கவில்லை என்கிறார்கள். எப்படிக் கேட்கும்? அந்தத் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் வலு அதற்கு இல்லை. மேலுள்ள அதிர்வுகளைக் கொண்டு காதானது இல்லாத அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஊகத்தை வைத்துப் படிக்கப்போனால் எட்டுச் சுரத்தில் இரண்டு தப்பும். காதிலே மாட்டும் கருவி ஒன்று போதும். அதற்குத் தோடு அடகு போகவேண்டியதில்லை. நாங்கள் கசற் நாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கற்றோம். பற்றரி மெலிந்தால் நாடாவின் வேகம் குறையும், சுருதியும் அரைப்படி இறங்கும். எந்தச் சுருதியில் பாட்டுப் பிறந்தது என்பதே தகராறாகிவிடும். இன்றோ சுருதி கெடாமல் பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். இத்தனை வசதி இருந்தும், யாரோ எழுதிவைத்த எண்களைப் பார்த்து விரலை வைக்கிறார்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

நான் சொல்லும் வழி இதுதான். வாத்தியத்தைத் தொடாமல் முழுப் பாட்டையும் மும்முறை கேள். நான்காம் முறை அடிச்சுரத்தை வாயாலே பாடு. வாய்க்கு வராதது கைக்கும் வராது. பிறகு டிரம்ஸின் பெருமுழக்கம் எங்கே விழுகிறதென்று கவனி. அதனோடு சேர்ந்து விழு. அலங்காரமெல்லாம் கடைசியில். ஒவ்வொரு சுரத்தையும் குரலிலிருந்து அது எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று அறிந்துகொள், கட்டையின் இலக்கத்தை மனனம் செய்யாதே.

இந்தக் கடைசி விதியின் பயன் மேடையில் தெரியும். இரவுப் பனியிலே பாடகருக்குத் தொண்டை கட்டிவிடும். "அரைக்கட்டை குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணன்" என்பார், பாட்டுத் தொடங்க ஒரு நிமிடம் இருக்கையில். கீபோட் வாசிப்பவர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். பேஸ்காரனுக்குப் பொத்தான் கிடையாது. திறந்த தந்தியில் சுகமாக வாசித்ததெல்லாம் இடம்மாறும். தூரத்தைக் கற்றவன் நகர்ந்துகொள்வான். இலக்கத்தை மனனம் செய்தவன் திண்டாடுவான்.

மேடையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பெற்றோர் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும். திருவிழா மேடையில் மின்சாரம் கோயிலிலிருந்து ஒரு கம்பியிலும் ஜெனரேற்றரிலிருந்து இன்னொரு கம்பியிலும் வருவதுண்டு. புவித்தொடுப்பு ஒழுங்காக இல்லாவிடின், ஒரு கை தந்தியிலிருக்க உதடு ஒலிவாங்கியில் பட்ட கணத்திலேயே உடல்வழியாக மின்சாரம் பாயலாம். மழை நனைத்த தரையும் வெறுங்காலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கோயில் மேடையில் செருப்பில்லாமல்தானே நிற்கிறோம்? காலடியில் உலர்ந்த பலகையும் அதன்மேல் இறப்பர் விரிப்பும் போடுங்கள். வாத்தியங்களுக்கும் ஒலிவாங்கிக்கும் ஒரே இடத்திலிருந்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து, மின்சாரம் கேளுங்கள். முதற்பாட்டுக்கு முன்பே மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு சோதிப்பியுங்கள். விழாக் குழுவினர் நேரமாகிவிட்டதென்று அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும். சோதனை முடியும்வரை எங்கள் கோஷ்டி மேடையேறுவதில்லை. அதனால் எங்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று சொல்லும் தோட்டங்கள் இரண்டு மூன்று உண்டு. அடுத்த ஆண்டும் எங்களைத்தான் அழைக்கிறார்கள்.