ஒப்புதல் எந்த மொழியில்? மனநலச் செவிலியர் பயிற்சியில் விடுபட்டுப்போன பாடம்

சிகிச்சைக்கு நோயாளி தரும் ஒப்புதல் செல்லுபடியாக வேண்டுமெனில், அச்சிகிச்சையின் பயன், இடர், மாற்றுவழி ஆகியவை அவருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் எடுத்துரைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் தமக்கு விளங்கும் மொழியில் அறிந்துகொள்வதை நோயாளியின் உரிமையாகவும் அது வகுத்திருக்கிறது. மருத்துவர் வார்டுக்கு வந்து போகிறவர்; இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர். ஆகவே, இவ்வுரிமை நடைமுறைக்கு வருமா, ஏட்டோடு நின்றுவிடுமா என்பது பெருமளவு செவிலியரின் பேச்சைப் பொறுத்தது. அந்தப் பேச்சுக்கு நம் செவிலியர் கல்வி எவ்வளவு இடம் தந்திருக்கிறது?

மனநலச் செவிலியர் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிகின்றன. பற்றாக்குறை உண்மைதான். 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வெவ்வேறு உளநோய்களில் சிகிச்சை கிடைக்காதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் காட்டியது. ஆனால், பணியில் இருப்போர் என்ன பயிற்சியோடு வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சட்டத்தின் வரையறைப்படி, உளநோய்ச் செவிலியத்தில் தனிப் பட்டயமோ பட்டமோ பெற்றவர் மட்டுமல்லாமல், பொதுச் செவிலியம் பயின்று பதிவுசெய்தவரும் மனநலச் செவிலியரே. அவர்களில் பலருக்கு இத்துறையில் கிடைத்த பயிற்சி, அடிப்படைப் படிப்பில் ஒரு பாடமும் ஒரு மனநல மருத்துவமனையில் கழித்த சில வாரங்களுமே. அந்தப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கிறது.

மற்ற வார்டுகளில் இக்குறை ஓரளவு மறைந்துபோகும். காய்ச்சலை வெப்பமானி சொல்லும். இரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லும். உளநோயில் அறிகுறியின் பெரும்பகுதி பேச்சாகவே வெளிப்படுகிறது. நோயாளி எதைச் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனிப்பதே மனநிலைப் பரிசோதனையின் அடித்தளம். இந்தி பேசும் ஒருவர் 'கப்ராஹட்' என்று சொல்லும்போது அச்சமும் படபடப்பும் நிலைகொள்ளாமையும் அந்த ஒரே சொல்லில் சேர்ந்து வருகின்றன. தமிழில் 'நெஞ்ச அடைக்குது' என்பவர் உடல்வலியைச் சொல்கிறாரா, துயரத்தைச் சொல்கிறாரா, இரண்டையுமா என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும். அந்த அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிவதே பயிற்சி. பாடநூலின் ஆங்கிலக் கலைச்சொல்லை மட்டும் அறிந்தவர், கேட்ட சொல்லை உடனே அதற்குள் அடைத்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். நோயாளி சொன்னது அங்கேயே தொலைந்துபோகிறது.

பழமொழிக்குப் பொருள் கேட்டு அருவச் சிந்தனையை அளப்பது மனநிலைப் பரிசோதனையில் நெடுநாளைய வழக்கம். நோயாளி வாழ்நாளில் கேட்டிராத ஒரு பழமொழியை மொழிபெயர்த்துக் கேட்டால், அளக்கப்படுவது அவருடைய சிந்தனையா, பள்ளிப்படிப்பா?

பன்மொழிச் சூழலில் இச்சிக்கல் இன்னும் இறுகுகிறது. 1918இல் தொடங்கப்பட்ட மத்திய மனநோய் மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள ராஞ்சியைச் சுற்றி இந்தியோடு முண்டாரி, குருக் முதலிய மொழிகளும் பேசப்படுகின்றன. கேரளத்தில் பயின்ற செவிலியர் தில்லியில் பணிபுரிகிறார். வேலை தேடி வேற்று மாநிலம் சென்ற தொழிலாளி அங்கேயே நோயுறுகிறார். இத்தகைய இடங்களில் உடன்வந்த உறவினரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். கணவனின் அடியால் நிலைகுலைந்த ஒரு பெண்ணின் சொற்களை அந்தக் கணவனே மொழிபெயர்த்தால் செவிலியரின் காதுக்கு என்ன வந்து சேரும்? அவள் தந்ததாகப் பதிவாகும் ஒப்புதல் உண்மையில் யாருடையது?

மொழியைச் சிகிச்சையின் நடுவில் வைத்துத் தொடங்கலாம் என்பதற்கு வளரும் நாடுகளிலேயே சான்று உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டம், முதிய பெண்களான சமூக நலப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. மனச்சோர்வு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அத்திட்டம் அவர்கள்மேல் சுமத்தவில்லை. அளவுக்கு மீறிய யோசனை என்னும் பொருளில் ஷோனா மக்கள் வழங்கும் 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லையே கையாண்டது. வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிட இத்திட்டத்தில் பங்கேற்றோருக்கு அறிகுறிகள் குறைந்திருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மொழி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் அங்கு இருந்தன. எனினும், மக்கள் தம் துயருக்கு இட்ட பெயரிலிருந்து பயிற்சியைத் தொடங்கினால் அறிவியல் குறைந்துவிடாது என்பதற்கு அது போதிய சான்று.

ஆங்கிலம் இல்லாமல் மருந்தியலை எப்படிப் பயில்வது, வேற்று மாநிலத்திலும் வெளிநாட்டிலும் எப்படி வேலை பெறுவது என்று மாணவர் கேட்பது நியாயமே. ஆங்கிலத்தை அகற்றச் சொல்லும் வாதமன்று இது. ஊசி போடும் திறனைச் செய்முறைத் தேர்வில் சோதிக்கும் கல்லூரி, நோயாளியிடம் அவருடைய மொழியில் பேசி அறியும் திறனையும் அதே தேர்வில் சோதிக்கட்டும் என்பதே கோரிக்கை. மாணவர் செல்லும் களம் பெரிய மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டோடு முடிந்துவிடாமல், மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் முகாமும் அதில் சேர வேண்டும். நோயாளியின் மொழி தெரியாத இடத்தில், மந்தணம் காக்கப் பயின்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரோடு இணைந்து பணிபுரியச் செவிலியருக்கும் கற்பிக்க வேண்டும்.

இதில் மொழியியல் துறைகளுக்கும் பொறுப்பு உண்டு. வட்டார வழக்கில் துயரைக் குறிக்கும் சொற்களையும் தொடர்களையும் திரட்டுவது கள ஆய்வு அறிந்தவர் செய்யக்கூடிய பணி. ஒலியனையும் உருபனையும் தேடி ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்த துறை, 'மனசு சரியில்ல' என்று ஒருவர் சொல்லும்போது எவ்வூரில் எதைக் குறிக்கிறார் என்பதையும் பதிவுசெய்யலாம். அத்தொகுப்பு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முடங்காமல் செவிலியர் கல்லூரியின் வகுப்பறைக்குப் போய்ச் சேர வேண்டும். இடங்களையும் நிதியையும் கூட்டினால் செவிலியரின் எண்ணிக்கை உயரும். ஆனால், புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று கோப்பில் சேர்க்கும் வழக்கம், பயிற்சி மாறாதவரை மாறாது.