போர் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்?

புதிதாக போர் போட்ட வீட்டுக்கு, மோட்டார் இறக்கிய கொஞ்ச நாளிலேயே ஃபில்டர் விற்பவர் வந்துவிடுகிறார். சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டிடிஎஸ் மீட்டரை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குகிறார். 1,200 என்று காட்டுகிறது. ‘ரொம்ப மோசமான தண்ணி சார், முழு வீட்டுக்கும் ஒரு மெஷின் போட்டுட்டா கவலையே இல்ல’ என்கிறார். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவாகிவிடுகிறது.

அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத் தோராயமாகச் சொல்லும். அந்த 1,200-ல் சுண்ணாம்பு எவ்வளவு, சோற்று உப்பு எவ்வளவு, ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கிருமியை அது காட்டவே காட்டாது. ஒவ்வொரு குறைக்கும் ஃபில்டர் வேறு என்பதால், இந்த விவரம் தெரியாமல் எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

எனவே முதல் செலவு பரிசோதனைக்குத்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, இரண்டு லிட்டர் பிடித்துக் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே சுத்திகரித்த பாட்டில் வாங்கி, தண்ணீர் பிடித்ததும் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

அறிக்கை வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு டிடிஎஸ் 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200, குளோரைடு 250 வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் இவை முறையே 2,000, 600, 1,000 வரை பொறுக்கத்தக்கவை. ஃப்ளோரைடு 1-க்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. நைட்ரேட்டுக்கு 45 தான் எல்லை, அதில் தளர்வு கிடையாது.

இனி ஒவ்வொரு குறையாகப் பார்ப்போம். சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது, ஷவர் துளை அடைப்பது, கீசர் காயில் வெள்ளையாகப் படிவது எல்லாம் கடினத்தன்மையின் வேலை. கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். இதற்குச் சாஃப்ட்னர் வேண்டும். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. ஒன்று போய் இன்னொன்று வருவதால் டிடிஎஸ் குறையாது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீருக்கு, அதாவது குளோரைடு அதிகமுள்ள தண்ணீருக்கு, சாஃப்ட்னர் போட்டுப் பயனில்லை.

வெள்ளை டைல்ஸில் காவிக் கறை, துணியில் மஞ்சள் என்றால் இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே கறை படியத் தொடங்கும். இதை வீட்டிலேயே ஓரளவு இனம் பிரிக்கலாம். போரிலிருந்து நேராகக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் பழுப்பாக மாறினால், கரைந்த நிலையில் இருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகியிருக்கிறது. அதற்குக் காற்றூட்டலும், அதன்பின் மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணல் போன்ற மீடியா உள்ள இரும்பு ஃபில்டரும் வேண்டும். பிடிக்கும்போதே பழுப்பாக இருந்தால் நல்ல மணல் ஃபில்டரே பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அடியில் மணல் உட்கார்ந்தால் முதலில் போரின் கேசிங் பைப்பைச் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு குழாயில் மட்டும் காவி வந்தால், துருப்பிடித்தது பழைய ஜிஐ பைப்பாக இருக்கக்கூடும்.

அழுகிய முட்டை வாடைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு காரணம். காற்றூட்டலும் கார்பன் ஃபில்டரும் உதவும். சுடுதண்ணீரில் மட்டும் அந்த வாடை என்றால் கீசருக்குள் இருக்கும் ஆனோடு ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் ஃபில்டர் வாடையையும் நிறத்தையும் எடுக்கும். உப்பையோ சுண்ணாம்பையோ தொடாது.

இரண்டு மூன்று குறைகள் சேர்ந்திருந்தால் வரிசை முக்கியம். மணல் ஃபில்டர், இரும்பு ஃபில்டர், கடைசியில் சாஃப்ட்னர். இரும்பை எடுக்காமல் சாஃப்ட்னருக்குள் விட்டால் ரெசின் மணிகள் மேல் துரு படிந்து, சில மாதங்களிலேயே கருவி சோர்ந்துவிடும். ‘சாஃப்ட்னர் போட்டும் பிரயோஜனமில்லை’ என்ற புலம்பலுக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் வைத்தால் அழுத்தம் போதாது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கும் மேல்மாடிக் குழாய்க்கும் நடுவே இருப்பதோ மூன்று நான்கு மீட்டர். ஃபில்டர் அதையும் தின்றுவிட, ஷவர் சொட்டும். சம்ப் உள்ள வீட்டில் போர் தண்ணீரை முதலில் சம்பில் விழவிடுவதே நல்லது. விழும்போதே காற்றுப் படும், மணல் கீழே தங்கும். பிறகு சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் லைனில் ஃபில்டரை வைத்தால் சீரான ஓட்டமும் அழுத்தமும் கிடைக்கும். கம்ப்ரஸர் மோட்டார் உள்ளவர்களுக்குச் சம்ப் கட்டாயம் என்றே சொல்லலாம். காற்றோடு குதித்து வரும் தண்ணீரை மூடிய ஃபில்டருக்குள் நேராக விடக்கூடாது.

சாஃப்ட்னரின் அளவை விற்பவரிடம் விடாமல் நீங்களே கணக்குப் போடலாம். ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 675 லிட்டர். கடினத்தன்மை 600 என்றால் தினமும் நீக்க வேண்டியது சுமார் 405 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராமைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி மூன்று நாளில் நிரம்பிவிடும். ரெசினை உப்புநீரால் அலசி மீட்க ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கிலோ உப்பும் நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீரும் போகும். மாதத்துக்கு முப்பது, நாற்பது கிலோ உப்பு. இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறாரா, தானியங்கி வால்வு வேண்டுமா என்று இப்போதே யோசிக்க வேண்டும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மென்னீர் தேவையில்லை. அவற்றுக்குத் தனி பைப் போட்டால் உப்புச் செலவு கணிசமாகக் குறையும். மீட்பின்போது வெளியேறும் உப்புக் கழிவைத் தென்னைக்கோ மழைநீர்க் குழிக்கோ விடாதீர்கள். கிணற்றுக்கே அந்த உப்பு திரும்பி வரும்.

குடிநீரை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிடுவது நல்லது. 600 கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஃப்ளோரைடு நெடுநாள் தொல்லை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். உரமிட்ட வயலுக்கும் செப்டிக் டேங்குக்கும் அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட் சேரும். அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இவ்விரண்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இவற்றுக்கும் கரிப்புக்கும் சமையலறையில் ஒரு சிறிய ஆர்ஓ போதும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் ஆர்ஓவை முழு வீட்டுக்கும் போடுவது, தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் வீண். கிருமி இருப்பதாக அறிக்கை சொன்னால் கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

பைப்பில் மாட்டும் காந்தக் கருவிகளையும் பலர் கேட்கிறார்கள். அவை கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. மாட்டிய பிறகும் பரிசோதனையில் கடினத்தன்மை அதே எண்ணாகத்தான் வரும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ரெசின் எத்தனை லிட்டர்? பேக்வாஷுக்கு எவ்வளவு தண்ணீர்? மீடியாவை எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும், அதற்கு என்ன விலை? பொருத்திய பின் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதித்துக் காட்டுவாரா? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வக அறிக்கையைக் கேட்காமலே விலை சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.